ஆவியிற் பிறந்த உலோகத் துணிக்கைகள்

பொன்னை எத்துணை முறை பகுத்தாலும் அதன் இயல்பு மாறாது என்பது பண்டுதொட்டு மக்கள் கொண்ட துணிபு. அத்துணிபு எவ்வளவிற்குப் பொருந்தும் என்பதை உலோக ஆவியிலிருந்து தோன்றும் நுண்டுணிக்கைகளின் வரலாறு காட்டும்.

1857ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே இலண்டன் வேத்தியற் கழகத்தில் அளித்த ஆய்வுரையில், பொற்கம்பியினூடு வலிய மின்னிறக்கத்தைச் செலுத்திய பரிசோதனையை விவரித்தார். கம்பி சிதறி ஆவியாகி, அயலிலிருந்த கண்ணாடியிற் செந்நிறமும் ஊதாநிறமுங் கொண்ட படிவாயிற்று. அப்படிவு நுண்ணிதாகப் பகுக்கப்பட்ட பொன்னே என அவர் முடிவு செய்தார். பொன் பொன்னாகவே இருந்தது. நிறம் மட்டும் மாறிற்று.

பிசுமது என்னும் உலோகத்தை நன்கு வெறிதாக்கிய கலத்தில் ஆவியாக்கினால் ஆடிபோல் ஒளிரும் படலம் கிடைக்கும். கலத்திற் சிறிதளவு வளி எஞ்சியிருப்பின் புகைக்கரி போன்ற கருந்தூளே படியும். குறையெனத் துடைத்தெறியத்தக்க இக்கருமையை, அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்துப் பௌதிக அறிஞர் புண்ட், 1930இல் வெப்பக் கதிர்களை உறிஞ்சும் பூச்சாகப் பயன்படுத்தினார்.

கருமை தோன்றும் முறை எளிது. வெற்றிடத்தில் உலோக அணுக்கள் தடையின்றிச் சென்று படியும். வாயு இருப்பின் அவை அதனோடு மோதிச் சத்தியை இழந்து, குளிர்ந்து, ஒன்றோடொன்று கூடித் துணிக்கைகளாகும். வாயுவின் அமுக்கம் குறையக் குறையத் துணிக்கையின் பருமனுஞ் சிறுக்கும்.

1962இல் யப்பானிய அறிஞர் றியோகோ கூபோ, மிகச் சிறிய உலோகத் துணிக்கையில் இலத்திரன்களின் சத்திப்படிகள் தனித்தனியே பிரிந்து நிற்கும் என்றும், ஆதலின் அதன் இயல்புகள் பேருலோகத்தின் இயல்புகளினின்றும் வேறுபடும் என்றும் கணித்துரைத்தார். கொள்கையைச் சோதிக்கத் தூய துணிக்கைகள் வேண்டியிருந்தன. அடுத்த ஆண்டில் நகோயாவைச் சார்ந்த உயேடா குழுவினர், குறைந்த அமுக்கத்து ஆகன் வாயுவில் உலோகங்களை ஆவியாக்கிப் பெற்ற புகையை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து வெளியிட்டனர். புகையெனத் தோன்றியது நுண்ணிய பளிங்குகளின் திரளே.

1984இல் கலிபோர்னியாவின் பேர்க்கிலியில் வால்டர் நைற் குழுவினர், சோடிய ஆவியை ஆகனோடு சிறு துளையினூடு வெற்றிடத்தினுட் பாயவிட்டு, தோன்றிய அணுக்கூட்டங்களின் திணிவை அளந்தனர். 8, 20, 40, 58, 92 அணுக்கள் கொண்டவை அயலிலுள்ளவற்றினும் மிகுந்திருந்தன. தனியணுவிற் போலவே கூட்டத்திலும் இலத்திரன்கள் ஓடுகளை நிரப்புதலே இதற்குக் காரணமாம்.

பரடே கண்ட நிறமாற்றத்தின் உட்பொருள் இவ்வாறு படிப்படியே விளங்கிற்று. உலோகத்தின் இயல்பை அறிய அதன் பெயர் மட்டும் போதாது. எத்தனை அணுக்கள் கூடியுள்ளன என்பதையும் வினவுதல் வேண்டும். ஆடியிற் படிந்த கறையைத் துடைக்குமுன் உற்று நோக்கியோர்க்கே அவ்வினா எழுந்தது.