108 ஆம்புலன்ஸ்: பக்கத்து ஆஸ்பத்திரியா, தூரத்து ஆஸ்பத்திரியா? முடிவு செய்வது யார்?

அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். 108 வந்தாச்சு. "ரெண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரி இருக்கே, அங்கே போங்க" என்கிறார் மகன். "இல்லைங்க, ஜி.எச். போயிடலாம்" என்கிறார் வண்டியில் வந்தவர். பல வீடுகளில் நடக்கக்கூடிய வாக்குவாதம்தான் இது. இதில் யார் சொல்வது சரி? விரிவாகப் பார்க்கலாம்.

வண்டியில் வருபவர் யார்?

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. வண்டியில் ஓட்டுநரோடு அவசரகால மருத்துவ உதவியாளர் ஒருவர் வருவார். அவர் பயிற்சி பெற்றவர். ஆனால் டாக்டர் அல்ல. எந்த நிலையில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அவரிடம் எழுதப்பட்ட நெறிமுறை உண்டு. சந்தேகம் வந்தால் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் டாக்டரிடம் போனில் கேட்கலாம்.

நெறிமுறை எதற்கு?

நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். ரத்த அழுத்தம் ஏற்கெனவே குறைந்திருப்பவருக்கு அதைக் கொடுத்தால் அழுத்தம் இன்னும் சரிந்து ஆபத்தாகிவிடும். நள்ளிரவில், சுற்றிலும் பத்து பேர் கத்தும்போது இது மறந்துபோகலாம். அதனால்தான் 'முதலில் அழுத்தத்தைப் பார், பிறகு மாத்திரை கொடு' என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

கிட்ட இருப்பதா, சரியான இடமா?

பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் அவசியம். ஸ்கேன் இல்லாத ஆஸ்பத்திரி வாசலில் இருந்தாலும், அங்கே போய்விட்டு மறுபடி வேறு இடத்துக்கு மாற்றும்போது நேரம் போய்விடும்.

அதே சமயம், மூச்சுப்பாதை அடைத்து உதவியாளரால் திறக்க முடியவில்லை என்றால் கிட்ட இருக்கும் இடம்தான் சரி. இதயம் நின்றுவிட்டால் வண்டியைக் கிளப்பும் முன்பே, இருந்த இடத்திலேயே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். பிரசவ வலியில் குழந்தையின் தலை தெரிந்துவிட்டால், ஓரமாக வண்டியை நிறுத்திப் பிரசவம் பார்ப்பதே பாதுகாப்பு.

அனுபவத்துக்கு இடம் எங்கே?

சர்க்கரை நோய் உள்ள 60 வயது அம்மா ஒருவருக்கு நெஞ்சுவலி இல்லை. வியர்வையும் அசதியும் மட்டும்தான். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். அனுபவமுள்ளவர் இங்கே சும்மா இருக்க மாட்டார், ஈ.சி.ஜி.க்கு வழி பார்ப்பார்.

வழியில் ரயில்வே கேட் மூடியிருக்கிறதா, மழைத் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்பதும் நெறிமுறைக்குத் தெரியாது. அப்போது டாக்டரிடம் பேசி, காரணத்தைப் பதிவு செய்துவிட்டுப் பாதையை மாற்றுவது விதிமீறல் ஆகாது.

நெறிமுறையும் மாறாமல் இருப்பதில்லை. மாரடைப்பு என்றாலே ஆக்சிஜன் வைப்பது ஒரு காலத்தில் வழக்கம். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு போதுமானதாக இருப்பவர்களுக்கு அதனால் உயிர் காக்கும் பலன் கூடுதலாக இல்லை என்று, 6,600-க்கும் மேற்பட்டோரிடம் ஸ்வீடனில் நடந்த ஆய்வு 2017-ல் காட்டியது.

குடும்பத்தினர் என்ன செய்யணும்?

* அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று சொல்லுங்கள். பக்கவாதத்தில் சிகிச்சையே இதை வைத்துத்தான் முடிவாகும்.
* சாப்பிடும் மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்து வாருங்கள். எந்த மருந்தாவது ஒவ்வாது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.
* ஒருவர் மட்டும் பேசுங்கள்.
* "ஏன் அங்கே போறோம்?" என்று கேட்பது உங்கள் உரிமை. காரணம் தெரிந்ததும் வண்டியைக் கிளம்ப விடுங்கள்.

சரி, அந்த அப்பாவை எங்கே கொண்டுபோவது? ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு தெரிந்து, நாடி சீராக இருந்தால், உரிய சிகிச்சை வசதி உள்ள ஜி.எச்.தான் சரி. போகும் வழியில் நாடி விழுந்தால், அப்போது கிட்ட இருக்கும் ஆஸ்பத்திரியே சரியாகிவிடலாம். பத்து நிமிடத்தில் பதில் மாறும். அந்த மாற்றத்தைக் கவனிக்கத்தான் உதவியாளர் ஓட்டுநர் பக்கத்தில் உட்காராமல் பின்னால், நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார்.