வழிந்து போகும் நீர்

போத்தனூரை அடுத்தது வெள்ளலூர். அங்கே நொய்யலின் குறுக்கே ஓர் அணைக்கட்டு. அணை என்றதும் மேட்டூரை நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். இது நீரைத் தேக்குவதில்லை. ஆற்று மட்டத்தைச் சற்றே உயர்த்தி, ஒரு பங்கை ராஜவாய்க்கால் வழியாக வெள்ளலூர்க் குளத்துக்குத் திருப்புகிறது. மீதி அதன் தலைமேல் வழிந்து கீழேயுள்ள ஊர்களுக்குப் போய்விடுகிறது. சித்திரைச்சாவடியில் தொடங்கும் நொய்யல் அணைக்கட்டுகளின் நியதி இதுதான்.

இவ்வூர்களின் சரித்திரம் என்று நாம் எழுதி வைத்திருப்பது வேறு. 1842-ல் வெள்ளலூர் மண்ணிலிருந்து 500-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் முகங்கள் பொறித்தவை. போத்தனூருக்கு ரயில் வந்தது 1862-ல். கோவை நகரம் கிளைப்பாதைக்காக 1873 வரை காத்திருந்தது. காசுக்கு முகம் உண்டு, ரயிலுக்குத் தேதி உண்டு. அணைக்கட்டை மட்டும் 'கொங்குச் சோழர் காலத்தது' என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறோம்.

புதைத்து வைத்ததையே சரித்திரம் என்று கொள்கிறோம் என எனக்குப் படுகிறது. காசு எண்ணுவது என் பிழைப்பு. காசின் மேல் எனக்கு விரோதமில்லை. ஆனால் அதைப் புதைத்தவன் திரும்பி வரவில்லை. அணைக்கட்டுக்கோ வருஷா வருஷம் ஆட்கள் திரும்பி வந்தாக வேண்டும். தூர் வாராத வாய்க்காலில் தண்ணீர் ஏறாது. குடிமராமத்து என்கிற அந்த உழைப்பு 1858-ல் சென்னை அரசின் சட்டத்தில் இடம்பெற்றது, வராதவனுக்குத் தண்டம் என்ற அளவில். வந்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

தேக்குவதையே சாதனையாகக் கருதும் மனோபாவம் 1992-ல் நொய்யலின் கீழ்ப்பகுதியில் ஒரத்துப்பாளையம் அணையைத் தந்தது. பாசனத்துக்கென்று கட்டியதில் திருப்பூரின் சாயக் கழிவு தேங்கியது. நிலமும் கிணறும் கெட்டன. கழிவை வெளியே விடும் சாயப்பட்டறைகளை மூடும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட 2011 ஆயிற்று. அணையின் மேல் குற்றமில்லை. வந்ததைப் பிடித்து வைத்தது. மேலே இருப்பவன் கீழே இருப்பவனை மறந்ததுதான் குற்றம். பழைய அணைக்கட்டின் அமைப்பிலேயே அந்த ஞாபகம் இருந்தது.

2017-ல் தன்னார்வலர்கள் வெள்ளலூர் ராஜவாய்க்காலைத் தூர் வாரினார்கள். பல ஆண்டுகள் வறண்டு கிடந்த குளத்துக்கு நீர் வந்தது. புதிதாக எதையும் கட்டவில்லை. மண்வெட்டியோடு திரும்பி வந்தார்கள், அவ்வளவுதான். கொங்கு நாட்டுச் சரித்திரத்தை யாராவது மறுபடி எழுதினால், காசுப் பானையை விட்டு அந்த வாய்க்காலில் தொடங்கட்டும்.