நானூறு வெடி

சாரத்துச் சந்துகளிலே ஒரு சாயங்காலம் நடந்து பாருங்கள். மோட்டார் சைக்கிளை அலறவிட்டுக்கொண்டு ஒரு விடலைப் பிள்ளை பறப்பான். திண்ணையில் இருக்கும் பெரியவர், "ஊரையே இரண்டாக்குகிறான்" என்று அலுத்துக்கொள்வார். கொஞ்சம் இரக்கம் உள்ளவராக இருந்தால், "இளங்கன்று பயமறியாது" என்று விட்டுவிடுவார். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் அல்லவா புதுவை? அந்தப் பாஷை படித்தவர் என்றால், "லே கத்ர் சாங் கூ" என்றும் சொல்லக்கூடும். பையன் 'நானூறு கூ' போடுகிறான் என்று அர்த்தம்.

'கூ' என்பது பொல்லாத சொல். அடியும் கூ, பீரங்கி வெடியும் கூ, ஒருவன் செய்துவிட்டுப் போகிற விஷமமும் கூ. "பெரிய வேலை செய்துவிட்டான்" என்று நாம் சொல்லும்போது அந்த 'வேலை'யில் என்ன தொனி இருக்கிறதோ, அதுதான். சரி, ஏன் நானூறு?

அதற்கு ஒரு கதை உண்டு. 1621 ஆகஸ்டில் பதின்மூன்றாம் லூயி மன்னன், தெற்கு பிரான்சில் புராட்டஸ்டண்டுகளின் கோட்டையாக இருந்த மொந்தோபான் நகரை முற்றுகையிட்டான். நகரம் மசியவில்லை. ஸ்பெயின் தேசத்து மந்திரவாதி ஒருவன் யோசனை சொன்னானாம். நானூறு பீரங்கிகளை ஒரே சமயத்தில் முழக்கினால் ஊர் நடுங்கிச் சரணடையும் என்று. முழக்கினார்கள். ஊர் நடுங்கவில்லை. படையை நோய் தின்றது. நவம்பரில் மன்னன் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினான். முற்றுகையும் தோல்வியும் சரித்திரம். மந்திரவாதியும் நானூறு என்ற கணக்கும் பாட்டி கதை. பழைய பிரெஞ்சில் 'நூறு கூ' என்றும் இதே தொடர் வழங்கியிருக்கிறது. ஆகவே நானூறு என்பது நாம் "ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன்" என்கிறோமே, அந்த ஆயிரத்தின் தம்பியாகவே எனக்குப் படுகிறது.

ஆனாலும் கதையை விட்டுவிட மனம் வரவில்லை. ஒரு காரணம் இருக்கிறது. அந்த மன்னன் பிறந்தது 1601 செப்டம்பர் 27. முற்றுகை தொடங்கியபோது அவனுக்கு இருபதுகூட நிரம்பவில்லை! விடலைத்தனத்துக்கு உவமை சொல்லப்போய், உண்மையான விடலையையே கண்டுபிடித்துவிட்டது கதை. சாரத்துப் பையனிடம் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிள். இவனிடம் ஒரு சேனை இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பீரங்கிச் சத்தம் புதுவைக்கும் புதிதல்ல. 1748-ல் ஆங்கிலேயரின் பாஸ்கவென் சுற்றி நின்று குண்டு பொழிந்தான். டூப்ளேயின் ஊர் தாங்கி நின்றது. அக்டோபர் மழை வந்ததும் அவன் மூட்டை கட்டினான். 1761 ஜனவரியில் அப்படித் தப்ப முடியவில்லை. ஊர் சரணடைந்தது, பிறகு இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. இத்தனை வெடி கேட்டும் நாம் அதிலிருந்து பிள்ளைகளைத் திட்ட ஒரு சொல் எடுத்துக்கொள்ளவில்லை.

நமக்கு வேறு இடத்திலிருந்து கிடைத்தது. "அட்டகாசம் பண்ணுகிறான்" என்கிறோமே, அந்த அட்டகாசம் வடமொழியில் பெருஞ்சிரிப்பு. சிவபெருமான் சிரித்தே முப்புரத்தை எரித்த சிரிப்பு. அந்தச் சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் திருவதிகை, புதுவைக்குத் தென்மேற்கே, பண்ருட்டியை ஒட்டி இருக்கிறது. மூன்று கோட்டைகளைச் சாம்பலாக்கிய நகைப்பு, இன்று மாங்காய்க்குக் கல் எறிகிற பையன் தலையில் வந்து இறங்கியிருக்கிறது. சமீப காலத்தில் நல்ல சினிமாவையும் "அட்டகாசம்" என்கிறார்கள். சொல் பிழைக்கத் தெரிந்தது.

சினிமா என்றதும் த்ரூஃபோவின் ஞாபகம் வருகிறது. 1959-ல், இருபத்தேழு வயதில், இந்தத் தொடரையே தலைப்பாக வைத்து ஒரு படம் எடுத்தார். அன்பில்லாத வீட்டில் வளரும் அந்த்வான் பள்ளிக்கு மட்டம் போடுகிறான், பொய் சொல்கிறான், ஒரு தட்டச்சு யந்திரத்தைத் திருடுகிறான். சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறான். ஆங்கிலத்தில் தலைப்பைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'நானூறு அடிகள்' ஆக்கினார்கள். பையன் போட்ட ஆட்டம், பையன் வாங்கிய உதையாகிவிட்டது! தவறான மொழிபெயர்ப்புத்தான். ஆனால் படம் பார்த்தவர்களில் பலருக்கு அதுவே சரியாகத் தோன்றியிருக்கும். அந்தப் பையன் செய்ததைக் கணக்குப் பார்க்கத் தாய், தகப்பன், வாத்தியார், போலீஸ் என்று அத்தனை பேர் இருந்தார்கள். அவனுக்குச் செய்யப்பட்டதை எண்ணத்தான் ஆளில்லை.

மொந்தோபானில் இன்றும் செப்டம்பரில் 'நானூறு கூ' விழா நடக்கிறது. அவ்வூர் மாதா கோவிலான சான் ழாக்கின் செங்கல் கோபுரத்தில், இருபது வயது ராஜா சுட்ட குண்டுகளின் வடுக்கள் அப்படியே இருக்கின்றன.