இந்தியாவில் கருணைக் கொலை: சட்ட விவாதத்தின் வரலாறு

குணமாக வழியில்லாத நோயாளி, சாவைத் தள்ளிப்போட மட்டுமே உதவும் சிகிச்சையை வேண்டாம் என்று மறுக்கலாமா? சாவை வரவழைக்கும் ஊசியைக் கேட்கலாமா? இந்திய நீதிமன்றங்கள் முதல் கேள்விக்கு மட்டும் ஆம் என்று சொல்லியிருக்கின்றன. அங்கே வந்து சேர ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆயிற்று. 1994-இல் பி. ரத்தினம் வழக்கில், தற்கொலை முயற்சியைத் தண்டிக்கும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். 1996-இல் கியான் கௌர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அதை மாற்றி, வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்றனர். ஆனால் மாண்புடன் வாழும் உரிமை இயற்கையான முடிவு வரை நீளும் என்றும் அதே தீர்ப்பில் எழுதினர். பின்னால் வந்த தீர்ப்புகள் இந்த இரண்டாம் கருத்திலிருந்தே கிளைத்தன.

மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் பணியிடத்திலேயே கொடூரமாகத் தாக்கப்பட்டு மூளை பாதிக்கப்பட்டார். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்த அனுமதி கேட்டுப் பத்திரிகையாளர் பிங்கி விரானி வழக்குத் தொடுத்தார். மருத்துவமனை ஊழியர்கள் எதிர்த்தார்கள். ஆண்டுக்கணக்காக அருணாவைப் பராமரித்து வந்தவர்கள் அவர்கள். 2011 மார்ச் 7-இல் உச்ச நீதிமன்றம் கோரிக்கையை நிராகரித்தது. அருணா சார்பில் பேசும் தகுதி அந்த ஊழியர்களுக்கே உண்டு என்றது. அதே தீர்ப்பில், உயர் நீதிமன்ற ஒப்புதலோடு உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தலாம் என்று பிறருக்கு வழி திறந்தது. அருணா 2015 மே மாதம் நிமோனியாவால் இறந்தார். யாருக்காகக் கேட்கப்பட்டதோ அவருக்குக் கிடைக்காத உரிமை நாட்டுக்குக் கிடைத்தது.

காமன் காஸ் அமைப்பு 2005-இல் தொடுத்த வழக்கில், 2018 மார்ச் 9-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சிகிச்சையை மறுப்பதை அடிப்படை உரிமையாக உறுதிசெய்து, நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கும் மருத்துவ உயிலையும் ஏற்றது. ஆனால் மாஜிஸ்திரேட் கையொப்பம் உட்பட நடைமுறை அத்தனை சிக்கலாக இருந்ததால் தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கமே திருத்தம் கேட்டது. 2023 ஜனவரியில் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று போதும் என்றானது; மருத்துவக் குழுக்கள் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றும் ஆயிற்று.

ஊசியையும் அனுமதிக்கச் சொல்பவர்களின் வாதம் வலுவானது. வெண்டிலேட்டரில் இருப்பவர் அதை நீக்கச் சொல்லலாம். இயந்திரம் எதுவுமின்றி அணுஅணுவாகத் துடிப்பவருக்கு இந்தச் சட்டத்தில் ஒன்றுமில்லை. இந்த அநீதியை மறுக்க முடியாது. என்றாலும், தென் தமிழகத்தில் படுக்கையில் விழுந்த முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்துச் சாகவிடும் தலைக்கூத்தலை நினைத்தால், ‘சம்மதம்’ எவ்வளவு எளிதாகக் குடும்பத்தின் களைப்பாகவும் வறுமையாகவும் மாறிவிடும் என்பது புரியும். மரண மருந்தை 1997 முதல் அனுமதிக்கும் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அச்சங்கள் பெரிதும் மெய்ப்படவில்லை என்பார்கள். ஆனால் அங்கே அதைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கனவே இறுதிக்காலப் பராமரிப்பில் இருப்பவர்கள். வலியைவிடத் தன்னாட்சியை இழப்பதையே அதிகமாகக் காரணம் காட்டுகிறார்கள். இந்தியாவிலோ 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் வலி தணிக்கும் மார்ஃபினையே எட்டாக்கனியாக்கியிருந்தது; 2014-இல்தான் தளர்ந்தது. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண இயக்கத்தை வளர்த்து, 2008-இல் அதற்கெனக் கொள்கையே வகுத்தது கேரளம். அத்தகைய பராமரிப்பு எட்டாத ஊரில் நோயாளி சாவைக் கேட்டால், அவர் கேட்பது சாவையா, வலி நிற்பதையா என்று எந்த மருத்துவக் குழுவாலும் பிரித்துச் சொல்ல முடியாது.