சாவடி முதல் நடுவர் வரை

எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்தில் தமிழர் வழக்குகளுக்கென்று ஒரு நீதிமன்றம் இருந்தது. நம் 'சாவடி' அவர்கள் வாயில் 'ஷோத்ரி' ஆயிற்று. 1766 முதல் 1817 வரையிலான அதன் தீர்ப்புகளை நீதிபதி ழான்-குளோத் பொன்னான் தொகுத்திருக்கிறார். அந்த நீதிபதிகள் எல்லா வழக்கையும் தாமே தீர்க்கவில்லை. சொத்து, கடன், பாகப்பிரிவினை என்று வந்தால் பல நேரம் மத்தியஸ்தர்களிடம் அனுப்பினார்கள். இரு தரப்பையும் அறிந்த பெரியவர்கள் விசாரித்துச் சொன்னதை நீதிமன்றம் உறுதி செய்தது.

1819-ல் பிரெஞ்சுச் சட்டங்கள் வந்தன. ஆனாலும் இந்தியரை அவரவர் வழக்கப்படியே விசாரிப்போம் என்றார்கள். அந்த வழக்கம் எது என்று கேட்டறிய 1827-ல் உள்ளூர்ப் பிரமுகர்களைக் கொண்டு ஓர் ஆலோசனைக் குழுவும் அமைந்தது.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் ஒரு சுவர். அப்பா காலமான பிறகு எனக்கும் தம்பிக்கும் வீடு பிரிந்தது. நடுச்சுவர் யாருடையது என்பதில் தகராறு. பள்ளியில் பிரெஞ்சு படித்தவன் அல்லவா, 'மித்துவாயேன்', அதாவது பொதுச்சுவர் என்று சிவில் சட்டம் 653-ஆம் பிரிவை ஒப்பித்தேன். "பிரெஞ்சுக்காரன் போயாச்சுண்ணா" என்றான் தம்பி.

கோர்ட்டுக்குப் போனால் பேரன் காலத்தில்தான் முடியும். குமாஸ்தாவாக இருந்து கட்டுகளைச் சுமந்தவனுக்கு இது தெரியாதா? 1996-ஆம் வருஷத்து நடுவர் சட்டப்படி தீர்த்துக்கொள்ள இருவரும் சம்மதித்தோம். பழைய 1940 சட்டத்தில் நடுவர் தீர்ப்பைக் கோர்ட்டில் கொடுத்து ஏற்கச் செய்ய வேண்டும். புதிய சட்டத்தில், ரத்து கேட்கும் கெடு கடந்தால், அதுவே கோர்ட்டு டிக்ரி போல நிறைவேறும். ஆகவே ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் முதலில் போய்ப் பார்த்த வக்கீல் பெரிய பேர் எடுத்தவர். காகிதங்களைப் புரட்டிவிட்டு, "உங்க தம்பி மாமனாருக்கு ஒரு காலத்தில் நான் ஆஜரானேன். நான் உட்காரக்கூடாது சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தனக்குள்ள தொடர்பை நடுவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவர் நான் கேட்காமலே சொன்னார். சாவடிக் காலத்தில் இரு தரப்பையும் அறிந்திருப்பதே தகுதி. இன்று அதுதான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம்.

இரண்டாமவரை இருவரும் சேர்ந்தே போய்ப் பார்த்தோம். யாருக்கும் சொந்தமில்லை, சிவில் வழக்கில் பழக்கம் உண்டு, கட்டணத்தை எழுதிக் கொடுத்தார், அதில் ஆளுக்குப் பாதி. மூன்று அமர்வு, ஒரு நாள் அளவெடுப்பு. சுவர் பொது, பழுதுச் செலவு சரிபாதி, நான் திறந்த ஜன்னலை மூட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 653 ஜெயித்தது, காற்று போயிற்று.

அதற்குப் பிறகும் தம்பி இரண்டு வருஷம் பேசவில்லை. பிறகு ஒரு மழைக்காலத்தில் சுவர் ஒழுகியபோது, பாதிப் பணத்தோடு அவனே வாசலில் வந்து நின்றான்.