நால்வர் ஓடிய தங்கம்

2014 அக்டோபர் 2. தென்கொரியாவின் இன்சியான் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. பெண்கள் 4×400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்கு முதலில் ஓடியவர் பிரியங்கா பன்வார். அவரிடமிருந்து டிண்டு லூக்கா கோலை வாங்கினார், அடுத்து மன்தீப் கவுர், கடைசியில் எம்.ஆர்.பூவம்மா. 3 நிமிடம் 28.68 விநாடி. ஆசியப் போட்டிச் சாதனை. 2002இல் புசானில் தொடங்கிய வரிசையில் அது நமக்கு நான்காவது தங்கம்.

அந்தத் தங்கத்தை யாரும் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் அந்த நால்வரில் மூவர் ஊக்கமருந்துத் தடைக்கு ஆளானவர்கள். மன்தீப்புக்குத் தடை வந்தது அந்த ஓட்டத்துக்கு முன்பு. பூவம்மாவுக்குப் பல ஆண்டுகள் கழித்து, 2022இல். பிரியங்காவுக்கோ முன்பும் ஒன்று, பின்பும் ஒன்று.

முதல் தடையின் கதை 2011 கோடையில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய அக்டோபரில்தான் டெல்லி காமன்வெல்த் போட்டியில் நம் பெண்கள் இதே தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்று நாட்டையே துள்ள வைத்திருந்தார்கள். அந்த வெற்றி அணியின் மன்தீப் கவுர், சினி ஜோஸ், அஸ்வினி அக்குஞ்சி ஆகிய மூவரும், அவர்களோடு பயிற்சி பெற்ற ஜவுனா முர்மு, டியானா மேரி தாமஸ், பிரியங்கா பன்வார் ஆகியோரும் சில நாள் இடைவெளியில் சோதனையில் சிக்கினார்கள். ஜூலையில் கோபேயில் நடக்கவிருந்த ஆசியத் தடகளப் போட்டிக்குக் கிளம்பும் நேரம் அது. கண்டுபிடிக்கப்பட்டது ஸ்டீராய்டு வகை மருந்து.

மெத்தாண்டியனோன் என்ற அந்த ஸ்டீராய்டுக்குப் பழைய வரலாறு உண்டு. சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் 1958இல் 'டயனபால்' என்ற பெயரில் அதை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டு வந்தது. ஜான் சீக்லர் என்ற மருத்துவர் அதைப் பளுதூக்கும் வீரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். தசை ஏறியது, களைப்பிலிருந்து உடல் சீக்கிரம் மீண்டது. மருத்துவமனைக்கென்று வந்த மாத்திரை பயிற்சிக்கூடத்துக்குக் குடிபோனது அப்படித்தான். அரை நூற்றாண்டு கழித்தும் அது நம் முகாம் வரை வந்து நின்றது.

வீராங்கனைகள் சொன்ன விளக்கம் ஜின்செங். உக்ரைனைச் சேர்ந்த பயிற்சியாளர் யூரி ஒகொரோத்னிக் சீனாவிலிருந்து வாங்கி வந்து கொடுத்த வேர்ச்சத்து அது. அதில் என்ன கலந்திருந்தது என்று தங்களுக்குத் தெரியாது என்றார்கள். தெரிந்து கொடுக்கவில்லை என்றார் பயிற்சியாளர். அவர் பதவி பறிபோனது. உள்நாட்டு விசாரணைக் குழு, பெண்கள் மீது பெரிய தவறில்லை என்று ஓராண்டுத் தடை மட்டும் விதித்தது. சர்வதேசத் தடகளச் சம்மேளனம் அதை ஏற்கவில்லை. விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2012 ஜூலையில் தடையை இரண்டு ஆண்டாக்கியது. உடம்புக்குள் போகும் எதற்கும் ஓடுபவரே பொறுப்பு என்பதுதான் ஊக்கமருந்துச் சட்டத்தின் அடிப்படை.

சட்டம் சரி. அது இல்லாவிட்டால் எல்லோரும் ஜின்செங்கையே சாட்சிக்கு அழைப்பார்கள். ஆனால் தேசிய முகாமில், வெளிநாட்டுப் பயிற்சியாளர் நீட்டும் ஒன்றை ஆய்வுக்கு அனுப்பிவிட்டுத்தான் சாப்பிடுவேன் என்று சொல்லும் தைரியத்தை அந்தப் பெண்களுக்கு யார் கொடுத்தார்கள்? அதே ஒகொரோத்னிக்கைச் சில ஆண்டுகளிலேயே இந்தியா மீண்டும் பயிற்சிக்கு அழைத்துக்கொண்டது. பெண்கள் இழந்த இரண்டு ஆண்டுகள் மட்டும் திரும்பவில்லை.

பிரியங்கா திரும்பி வந்தார். இன்சியான் தங்கம் அந்த மீட்சியின் உச்சம். 2016இல் ரியோ ஒலிம்பிக்குக்கு முன்பு ஹைதராபாத்தில் நடந்த மாநிலங்களுக்கு இடையிலான போட்டியில் கொடுத்த மாதிரியில் மெஃபென்டர்மின் இருந்தது. அறுவைச் சிகிச்சையின்போது இறங்கிவிடும் ரத்த அழுத்தத்தை ஏற்றப் போடும் ஊசிமருந்து அது. ரியோ கைவிட்டுப் போனது. இரண்டாவது குற்றம் என்பதால் எட்டு ஆண்டுத் தடை. ஓட்டக்காரருக்கு எட்டு ஆண்டு என்றால் ஆயுள் தண்டனைதான். முதல் தடையில் முகாமுக்கும் பங்கு உண்டு என்பேன். இரண்டாவதற்கு அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருமுறை சுட்டுக்கொண்டவருக்கு எச்சரிக்கை வேண்டியதில்லை.

தமிழகத்துக்கும் இந்த வலி தெரியும். 2021இல் பாட்டியாலாவில் 100 மீட்டரை 11.39 விநாடியில் ஓடி டூட்டி சந்தை முந்திய திருச்சி தனலட்சுமி சேகருக்கு, அடுத்த ஆண்டே மெத்தாண்டியனோனால் மூன்றாண்டுத் தடை வந்தது. 2023இல் இந்தியாவில் சோதித்த 5,606 மாதிரிகளில் 213இல் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்ததாக உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை கணக்குக் கொடுத்தது. அதிக அளவில் சோதனை நடத்திய நாடுகளில் இதுவே மோசமான விகிதம்.

நம் திருப்பதியிலேயே 2019 நவம்பரில் தேசிய அளவில், மாவட்டங்களுக்கு இடையிலான ஜூனியர் தடகளப் போட்டி நடந்தது. வயதுச் சோதனையில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் வயது கூடியவர்கள் என்று தெரிந்தது. நூறுக்கும் மேற்பட்டோர் சோதனைக்கு நிற்காமலே போய்விட்டார்கள். பிறப்புச் சான்றிதழைப் பிள்ளை திருத்துவதில்லை. திருத்துவது பெரியவர் கை. பதினான்கு வயதில் பெரியவர் துணையோடு ஒரு பொய்யைச் சுமந்து ஓடப் பழகிய பிள்ளை, இருபது வயதில் ஊசியை எப்படி மறுக்கும்?

சித்தூரிலும் திருப்பதியிலும் விடியுமுன் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துவரும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மாத்திரையோ பொடியோ ஊசியோ, யார் கொடுத்தாலும் அதன் பெயரை எழுதி வாங்குங்கள். பெயர் சொல்ல மறுத்தால் வாங்காதீர்கள். காய்ச்சலுக்கு மருந்து எழுதும் மருத்துவரிடமும், இவள் போட்டிகளில் ஓடுபவள், சோதனைக்கு உட்பட்டவள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொடுக்கும் மருந்து தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதைப் பயிற்சியாளர் அவமதிப்பாக எடுத்துக்கொண்டால், பயிற்சியாளரை மாற்றுங்கள்.