அணைக்கப்பட்ட வீதிகள்

வரலாறு என்றால் மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளும்தான் என்று எண்ணுகின்ற வாசகர்கள் இந்தக் கட்டுரையைத் தாண்டிச் சென்றுவிடலாம். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் கொன்சோல் என்ற கருவியை இணைத்து விளையாடும் காரோட்ட விளையாட்டுகளின் கதையை எழுத முனைந்திருக்கிறேன். அவற்றுள்ளும் ஒரு வகை மட்டுமே என் கவனத்திற்குரியது. பந்தயத் தடம் என்ற ஒன்று இல்லாமல், ஒரு நகரத்தையோ நாட்டையோ முழுதாக விரித்து வைத்து, விரும்பிய சந்தியில் விரும்பிய பக்கம் திரும்பலாம் என்று விட்டுவிடுகின்ற வகை. 'திறந்த உலகம்' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

1982இல் நம்கோ நிறுவனம் வெளியிட்ட 'போல் பொசிஷன்' போன்ற தொடக்ககால விளையாட்டுகளில் வீதி தானாகவே நம்மை நோக்கி ஓடி வரும். ஓட்டுபவர் இடமும் வலமும் சற்று விலகலாமே தவிர, வீதியை விட்டுப் போக இயலாது. 1986இல் சேகா நிறுவனத்தின் 'அவுட் ரன்' ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு கவர்ச் சந்தியை வைத்து, இடமா வலமா என்று கேட்டது. அந்நாளில் அதுவே பெரிய சுதந்திரமாகப் பேசப்பட்டது.

ஆனால் அதே 1986இல், பிரித்தானியாவில் மைக் ரிச்சர்ட்சன் என்பவர் எழுதி, டியூரெல் நிறுவனம் வெளியிட்ட 'டேர்போ எஸ்பிரிட்' இதைவிட வெகுதூரம் சென்றுவிட்டது. சின்கிளெயர் ஸ்பெக்ட்ரம் என்ற சிறிய வீட்டுக் கணினிக்காக அது எழுதப்பட்டது. அக்கணினியின் நினைவகம் 48 கிலோபைட். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரேயொரு படம் அதைப் போலப் பல மடங்கு இடத்தைப் பிடிக்கும். அந்த இத்தனூண்டு இடத்துக்குள் நான்கு நகரங்களை அவர் அமைத்தார். போதைப்பொருள் கடத்தும் கார்களைத் துரத்திப் பிடிப்பது விளையாடுபவரின் பணி. அதைவிட எனக்கு வியப்பளிப்பது வேறொன்று: அந்நகரங்களில் மற்றைய கார்கள் தம்பாட்டில் ஓடின, சிவப்பு விளக்கிற்கு நின்றன, திரும்புமுன் சைகை விளக்கைப் போட்டன. விளையாடுபவர் ஒன்றும் செய்யாமல் வீதியோரத்தில் நின்றாலும் நகரம் தன் அலுவலைப் பார்த்துக்கொண்டிருந்தது. திறந்த உலகம் என்பதன் உயிர்நிலை இதுவே என்பது என் கருத்து. வேகம் அதற்கு இரண்டாம் பட்சம்.

அந்த ஸ்பெக்ட்ரம் கணினிகள் ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரில் இருந்த டைமெக்ஸ் தொழிற்சாலையில் பொருத்தப்பட்டவை. சணல் ஆலைகளுக்குப் பெயர்போன நகரம் அது. சணல் போன பின் கைக்கடிகாரம் வந்தது. கடிகாரத்தின் பின் கணினி. கசப்பான ஒரு வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்து 1993இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. அங்கே தொழில் பழகிய இளைஞர்களில் ஒருவரான டேவிட் ஜோன்ஸ் தொடங்கிய நிறுவனமே டி.எம்.ஏ. டிசைன். ஓர் ஆலை மூடப்படும்போது அதன் வாசலில் கூடும் கூட்டத்தைப் பற்றிப் பத்திரிகைக்காரர் எழுதுவோம். உள்ளே கற்ற கைவேலை பின்னர் எந்தத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது என்று தேடிப்போய் எழுதுவது அரிது.

டி.எம்.ஏ. டிசைன் 1997இல் வெளியிட்ட 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ' முதலில் 'ரேஸ் அண்ட் சேஸ்' என்ற பெயரில் உருவானது. பொலிஸ், திருடன் விளையாட்டு. அது சுவையற்றுக் கிடந்ததாகவும், பொலிஸ் கார்களுக்கு வழி கணிக்கும் நிரலில் இருந்த கோளாறினால் அவை வெறிகொண்டு விளையாடுபவர் மீது மோத வந்தபோதுதான் எல்லோருக்கும் அதன்மேல் பிடிப்பு ஏற்பட்டதாகவும், அதில் பணியாற்றிய கேரி பென் பின்னாளில் கூறினார். ஒரு கோடிக்கணக்கான டொலர் தொழிலின் தலையெழுத்தைப் பிழையொன்று எழுதிய கதை இது. வழிப்போக்கரை ஏற்றிக் கொல்வதற்கும் புள்ளி வழங்கிய அவ்விளையாட்டின் அறம் எனக்கு இன்றும் உவப்பானதல்ல. ஆயினும் வரலாறு எழுதுகிறவன் தனக்குப் பிடிக்காததைத் தவிர்த்துவிட்டுப் போக இயலாது.

முப்பரிமாண நகரத்தை வீட்டுக் கொன்சோலுக்குக் கொண்டுவந்தவற்றுள் 1999இல் வெளியான 'டிரைவர்' முக்கியமானது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் இருந்த ரிஃப்ளெக்ஷன்ஸ் நிறுவனம் அதை உருவாக்கியது. மியாமி, சான் பிரான்சிஸ்கோ, லொஸ் ஏஞ்சல்ஸ், நியூயோர்க் ஆகிய நான்கு நகரங்கள். 1970களின் அமெரிக்கக் கார்த்துரத்தல் படங்களின் மீது கொண்ட காதலால் பிறந்தது அது. ஓடி முடித்த ஓட்டத்தை நாமே கமரா கோணங்களை வைத்துப் படமாக்கிப் பார்க்கவும் வழி செய்திருந்தது. முதல் பிளேஸ்டேசனின் முதன்மை நினைவகம் 2 மெகாபைட் மட்டுமே என்பதை நினைவிற் கொண்டால் அதன் அருமை விளங்கும்.

2001 ஒக்டோபரில் பிளேஸ்டேசன் 2இல் வெளியான மூன்றாவது 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ' பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அக்கருவியின் நினைவகம் 32 மெகாபைட். லிபர்ட்டி சிற்றி என்ற அந்நகரம் முழுவதும் அதற்குள் அடங்காது. ஆகவே நகரம் ஒளிவட்டிலேயே இருந்தது. காருக்கு முன்னால் வரப்போகும் கட்டடங்களை வட்டிலிருந்து எடுத்து வைப்பதும், பின்னால் போனவற்றை அழிப்பதுமாகக் கருவி இடையறாது உழைத்தது. நாம் கண்ணாற் காணும் நகரம் காரைச் சுற்றிய ஒரு வட்டமே. அதற்கப்பால் எதுவும் இல்லை. கார் வட்டை முந்திவிட்டால்? வீதி வந்துசேர்வதற்குள் ஓட்டுபவர் அங்கே போய்விடுவார். வட்டு ஈடுகொடுக்காத இடங்களில், கார் வேகம் குறையும்படி வீதியின் அமைப்பையே ஓவியர்கள் மாற்றியதாக, அதன் தொழில்நுட்பப் பொறுப்பாளராக இருந்த ஒப்பே வெர்மெய் பிற்காலத்தில் எழுதினார். மெய்யுலகில் வீதி வளைவது ஆற்றுக்காக, குன்றுக்காக, காணிக்காரரின் வழக்குக்காக. அங்கே ஒளிவட்டு சுழலும் வேகத்துக்காக ஒரு வீதி வளைந்தது.

அதன் பிறகு நிலம் பெருத்துக்கொண்டே போனது. 2006இல் பிரான்சின் லியோன் நகரத்து ஈடன் கேம்ஸ் நிறுவனம், ஹவாயின் ஓஆஹு தீவைச் செய்மதித் தரவுகளைக் கொண்டு அமைத்து, சுமார் 1,000 மைல் வீதிகளுடன் 'டெஸ்ட் டிரைவ் அன்லிமிட்டெட்' விளையாட்டை எக்ஸ்பொக்ஸ் 360இல் வெளியிட்டது. இணையத்தால் இணைந்த ஏனையோரின் கார்களும் அதே வீதியில் எதிர்ப்பட்டன. 2012இல் கொலராடோவில் தொடங்கிய 'ஃபோர்ஸா ஹொரைசன்' வரிசை, 2018இல் நான்காவது விளையாட்டாகப் பிரித்தானியாவுக்கு வந்தது. எடின்பரோ நகரமும், வாரத்துக்கு ஒன்றாக மாறும் நான்கு பருவங்களும் அதில் உண்டு.

நான் கைப்பிடித்து ஓட்டிப் பழகியது இந்த நான்காவதைத்தான். மகள் வீட்டில் பேரனின் கருவி. பந்தயத்துக்கு அழைக்கும் அடையாளங்களை எல்லாம் கடந்து, மழைக்கால வயல்களுக்கு நடுவே முப்பது மைல் வேகத்தில் போய்க்கொண்டிருப்பேன். "அம்மப்பா, ரேஸை விட்டிட்டு எங்கை போறியள்?" என்று அவன் கேட்பான். ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, மறுபடி ஏறிப் பழகிய ஒருவனுக்கு, யாரும் மறிக்காத வீதியில் போவதே போதுமான விளையாட்டு என்பதை அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? "சும்மா ஒரு சுத்து" என்று சொல்லி வைப்பேன்.

அந்தப் பிரித்தானியாவும் 2024 டிசெம்பர் 15இல் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. கார் நிறுவனங்கள் முதலியோருடன் செய்துகொண்ட உரிம ஒப்பந்தங்களின் காலம் முடிந்ததே காரணம். ஏற்கெனவே வாங்கியவர்கள் தொடர்ந்து ஓட்டலாம். புதிதாக வருகிறவருக்குக் கடை வாசல் அடைபட்டுவிட்டது.

'த குரூ'வின் கதை இதைவிடக் கடுமையானது. ஈடன் கேம்ஸிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து லியோனில் நிறுவிய ஐவரி டவர், யூபிசொஃப்ட் நிறுவனத்துக்காக 2014 டிசெம்பரில் உருவாக்கியது அது. ஐக்கிய அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே நிலமாக விரித்து, ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு முக்கால் மணிநேர அளவில் ஓடக்கூடியதாகச் செய்திருந்தார்கள். தனியாக ஓட்டினாலும் நிறுவனத்தின் சேவையகத்துடன் தொடர்பு இருந்தாக வேண்டும் என்பது அதன் கட்டுமானம். 2024 மார்ச் 31இல் சேவையகம் நிறுத்தப்பட்டது. கடையில் பணம் கொடுத்து வாங்கிய வட்டு அலுமாரியில் இருந்தும், அதிலிருந்த அமெரிக்கா அன்றோடு இல்லாமற் போயிற்று.

வாங்கியவர்கள் வாளாவிருக்கவில்லை. அமெரிக்காவைச் சேர்ந்த ரொஸ் ஸ்கொட் 'விளையாட்டுகளைக் கொல்வதை நிறுத்துங்கள்' என்ற பொருள்படும் இயக்கத்தைத் தொடங்கினார். கலிபோர்னியாவில் இருவர் வழக்குத் தொடுத்தனர். விற்கப்பட்டது பயன்படுத்தும் உரிமமே, உடைமை அல்ல என்பது நிறுவனத்தின் வாதம். ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிமக்கள் முன்மொழிவாகத் தொடங்கிய கையெழுத்துத் திரட்டல் 2025 ஜூலையில் 10 இலட்சத்தைத் தாண்டியது. இதற்கிடையே 2024 செப்டெம்பரில், அதே வரிசையின் அடுத்த இரு விளையாட்டுகளுக்கும் இணையத் தொடர்பின்றி ஓட்டும் முறையை வழங்குவதாக யூபிசொஃப்ட் அறிவித்தது. கேட்டதனால் கிடைத்தது என்றே நான் கருதுகிறேன்.

நின்றுபோன பத்திரிகைகள் பலவற்றை நான் அறிவேன். அவற்றின் பழைய இதழ் ஏதாவதொரு நூலகத்திலோ, ஒருவர் வீட்டுப் பரணிலோ கிடக்கும். கறையான் விட்டுவைத்த பக்கத்தையாவது படிக்கலாம். 48 கிலோபைட்டில் எழுதிய டேர்போ எஸ்பிரிட்டின் நான்கு நகரங்களிலும் இன்றைக்கும் கார் ஓட்டலாம்; பழைய ஸ்பெக்ட்ரத்தைப் போல நடிக்கும் மென்பொருள் ஒன்று போதும். 1986இன் நகரம் நிற்கிறது. 2014இன் நாடு போய்விட்டது. முன்னது நாடாவுக்குள் முழுதாக இருந்தது. பின்னதன் ஒரு பாதி என்றைக்கும் வாங்கியவர் கைக்கு வந்து சேரவேயில்லை.

2025 செப்டெம்பரில் இரசிகர் குழுவொன்று தாமே எழுதிய மாற்றுச் சேவையகத்தின் மூலம் 'த குரூ'வின் வீதிகளை மறுபடி திறந்துவிட்டது. ஆனால் அது கணினியில் வைத்திருந்தவர்களுக்கு மட்டும். கொன்சோலுக்காக வாங்கிய வட்டுகள் அலுமாரியிலேயே இருக்கின்றன.